புதுப்பிப்பு: ஜப்பானிய மொழி வகுப்பு, சேருமுன் பார்க்க வேண்டியது

நேரடி வகுப்பா, இணைய வகுப்பா, செயலியா என்று முந்தைய இழையில் பார்த்தோம். அதற்குப் பிறகு பலர் கேட்டது: ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் (JLPT) தொடக்க நிலையான என்5-க்கு எது சரி?

என்5-இல் பேச்சுத் தேர்வே கிடையாது. மொத்தம் 180க்கு 80 வேண்டும். அதோடு கேட்டலில் 60க்கு 19, மீதிப் பகுதியில் 120க்கு 38 தனியாக எடுக்க வேண்டும். புத்தகம் பார்த்தே படிப்பவர்கள் சறுக்குவது கேட்டலில்தான், ஒலிப்பதிவு ஒருமுறைதான் ஓடும். புத்தகத்தை மூடச் சொல்லிக் கேட்கவைக்கும் வகுப்பு இவர்களுக்கு அவசியம்.

காதால் சட்டென்று பிடிப்பவர்களுக்குச் சிக்கல் வேறு. ஜப்பானியச் சொற்களை ரோமன் (ஆங்கில) எழுத்திலேயே எழுதி மாதக்கணக்கில் ஓட்டும் வகுப்பு இவர்களைக் கெடுத்துவிடும். வினாத்தாளில் அது உதவாது. ஹிரகானா, கடகானா என்ற இரண்டு ஜப்பானிய எழுத்து வகைகளிலும் அடிப்படை எழுத்துகள் தலா 46. முதல் மாதத்துக்குள் இவற்றை முடிக்காத இடம் வேண்டவே வேண்டாம்.

ஜப்பானில் வேலை பார்க்கப் போகிறவர்களுக்குப் பேச்சும் வேண்டும்; சேருமுன் முன்னோட்ட வகுப்பில் தலைகளை எண்ணுங்கள். 20 பேர், ஒரு மணி நேரம், பாதி நேரம் ஆசிரியர் பேச்சு என்றால் உங்கள் வாய்க்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். ஆறு பேர் குழு என்றால் ஐந்து நிமிடம். கட்டணம் கூடினாலும் இதற்குக் கொடுக்கலாம்.

தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும், சென்னையிலும் உண்டு. விண்ணப்பம் சில மாதம் முன்பே முடிந்துவிடும்.