வீட்டில் இருந்து கிளஸ்டருக்குள் போனால் சான்றிதழ் பிழை, ரூட் சான்றிதழ் வரியை அழிக்கலாமா?

வெள்ளவத்தை_இரவு:

வணக்கம். கோட்டையில் இருக்கிற எங்கள் ஒபீஸில் குபெஅட்மின் என்ற நிறுவும் கருவி கொண்டு நாங்களே போட்ட குபெர்னெட்டிஸ் கிளஸ்டர் (செயலிகளை ஓட்டும் சேர்வர்களின் தொகுதி) ஒன்று இருக்கிறது. அங்கே இருந்தால், அதற்குக் கட்டளை கொடுக்கும் கியூப்சிடிஎல் ஒழுங்காக வேலை செய்யும். இந்தக் கிழமை வீட்டில் இருந்து வேலை, அதனால் இடையில் உள்ள சேர்வருக்கு எஸ்எஸ்எச் (மறைகுறியாக்கிய இணைப்பு) போட்டு, லெப்டொப்பின் 6443 போர்ட்டை கிளஸ்டரின் 6443க்குத் திருப்பிவிட்டு, கொன்ஃபிக் ஃபைலில் முகவரியை 127.0.0.1 என்று மாற்றினேன். இப்போது 'கெட் நோட்ஸ்' அடித்தால், சான்றிதழ் 10.96.0.1க்கும் 192.168.10.5க்கும்தான் செல்லும், 127.0.0.1க்குச் செல்லாது என்று எக்ஸ்509 பிழை வருகிறது. சரிபார்ப்பை நிறுத்தும் 'இன்செக்கியூர்' வரியைப் போடச் சொன்னார்கள். போட்டால், ரூட் சான்றிதழ் (சேர்வரின் சான்றிதழைச் சரிபார்க்க உதவுவது) இருக்கும்போது அதைப் போட முடியாது என்கிறது. அப்படியென்றால் ரூட் சான்றிதழ் வரியை அழித்துவிடவா? நாளைக் காலை ரிலீஸ்.

போர்ட்_6443:

அழிக்க வேண்டாம் தம்பி. நீங்கள் ஐபி முகவரி கொடுத்ததால் பிழையில் ஐபிகள் மட்டும்தான் தெரியும், ஆனால் சான்றிதழுக்குள் 'குபெர்னெட்டிஸ்' என்ற பெயரும் இருக்கும். கியூப்சிடிஎல் பேசுகிற ஏபிஐ சேர்வரின் சான்றிதழில் குபெஅட்மின் அந்தப் பெயரை எப்போதும் போடும். கொன்ஃபிக் ஃபைலில் 'சேர்வர்' வரிக்கு நேர் கீழே, அதே அளவு இடைவெளி விட்டு, 'டிஎல்எஸ்-சேர்வர்-நேம்' என்று எழுதி அதன் மதிப்பாக 'குபெர்னெட்டிஸ்' என்று கொடுங்கள். முகவரி 127.0.0.1 ஆகவே இருக்கட்டும், சான்றிதழை மட்டும் அந்தப் பெயரோடு ஒப்பிடும். எஸ்எஸ்எச் வழியாகப் போவதால் இன்றைக்கு நடுவில் யாரும் கேட்கப் போவதில்லை என்பது உண்மைதான், ஆனால் இன்செக்கியூர் வரி ஃபைலுக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும், அடுத்த கிழமை புதிதாகச் சேர்கிற ஆளுக்கும் அதே ஃபைலைத்தான் அனுப்புவீர்கள்.

வெள்ளவத்தை_இரவு:

வேலை செய்கிறது! ஒரே வரி. மிக்க நன்றி அண்ணா, இரண்டு மணித்தியாலமாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

கொட்டாஞ்சேனை_அக்கா:

ஒரு விஷயம் கேட்க வேண்டும். லெப்டொப்பில் வைத்திருப்பது சேர்வரில் இருந்த 'அட்மின் டொட் கொன்ஃப்' ஃபைலின் கொப்பியா? அப்படியென்றால் ரிலீஸ் முடிந்ததும் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். அதற்குள் இருக்கிற கிளையன்ட் சான்றிதழ் 1 வருடம் செல்லும், இடையில் அதை ரத்துச் செய்ய குபெர்னெட்டிஸில் வழி இல்லை. 1.29க்கு முந்திய கிளஸ்டர் என்றால் அந்தச் சான்றிதழ் 'சிஸ்டம் மாஸ்டர்ஸ்' குழுவைச் சேர்ந்தது, ஆர்பிஏசியில் (யாருக்கு என்ன அனுமதி என்ற விதிகளில்) எதை எடுத்தாலும் அதன் அதிகாரம் குறையாது. காலி வீதி பஸ்ஸில் லெப்டொப்பை விட்டுவிட்டு இறங்கினால் சான்றிதழ்களுக்குக் கையெழுத்திடும் கிளஸ்டரின் சிஏவையே மாற்ற வேண்டி வரும், அது ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. 'குபெஅட்மின் கியூப்கொன்ஃபிக் யூசர்' கட்டளையில் உங்கள் பெயரைக் கொடுத்துத் தனி ஃபைல் எடுங்கள், செல்லுபடிக் காலத்தையும் அதிலேயே குறைத்துக் கொடுக்கலாம். அப்புறம் உங்களுக்குத் தேவையான நேம்ஸ்பேஸுக்கு (கிளஸ்டருக்குள் ஒரு பிரிவு) மட்டும் ஒரு ரோல் (அனுமதிப் பட்டியல்) கட்டினால் போதும். என்ன செய்ய முடியும் என்று பார்க்க 'ஓத் கேன்-ஐ' கட்டளையோடு 'லிஸ்ட்' போடுங்கள்.

பழைய_டெர்மினல்:

அக்கா சொன்னதோடு இதையும் பாருங்கள். நாமாக மாற்றாவிட்டால், குபெஅட்மின் எந்தக் கிளஸ்டரைப் போட்டாலும் கொன்டெக்ஸ்டுக்கு (எந்தக் கிளஸ்டர், எந்த யூசர் என்ற சேர்க்கைக்கு) 'குபெர்னெட்டிஸ்-அட்மின் அட் குபெர்னெட்டிஸ்' என்ற ஒரே பெயரைத்தான் வைக்கும். முன்பு நான் வேலை செய்த இடத்தில் டெஸ்ட் கிளஸ்டரின் ஃபைலையும் வாடிக்கையாளருடைய ஃபைலையும் 'கியூப்கொன்ஃபிக்' மாறியில் சேர்த்துக் கொடுத்தேன். பெயர் ஒன்றாக இருந்தால் முதலில் இருக்கிற ஃபைல்தான் எடுபடும். டெஸ்ட் என்று நினைத்து ஒரு டெப்லொய்மென்டை (செயலியை ஓட வைக்கும் அமைப்பை) அழித்தேன், அழிந்தது வாடிக்கையாளருடையது. இரவு ஒன்பதரைக்கு அவர்களுடைய பில் போடும் பக்கம் நின்றுபோய், போன் வந்த பிறகுதான் எனக்கே தெரியும். அதன் யாமல் அமைப்பு ஃபைல் கிட் களஞ்சியத்தில் இருந்ததால் பத்து நிமிடத்தில் திரும்ப ஏற்ற முடிந்தது, ஆனால் அந்தப் பத்து நிமிடம் இன்னும் மறக்கவில்லை. கொன்டெக்ஸ்ட் பெயரை மாற்றும் ரினேம்-கொன்டெக்ஸ்ட் கட்டளை மட்டும் போதாது, கிளஸ்டர், யூசர் பெயர்களும் இரண்டு ஃபைலிலும் ஒன்றாகவே இருக்கும். சேர்க்கும் முன் மூன்றையும் கையால் மாற்றுங்கள்.

வெள்ளவத்தை_இரவு:

அக்கா, அது அட்மின் டொட் கொன்ஃப்தான். கிளஸ்டர் 1.27. நாளை ரிலீஸ் முடிந்ததும் என் பெயரில் புதிய ஃபைல் எடுத்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.