லூப்பா, லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனா? ஒரு விலைக் கோப்பும் ஒரு வரியும்

கேள்விக்கணை:
பைத்தான். டெக்ஸ்ட் கோப்பில் வரிக்கு ஒரு காய்கறி விலை. எண்ணாக மாற்றி லிஸ்டில் சேர்க்க வேண்டும். காலி லிஸ்ட், ஃபார், இஃப், அப்பெண்ட் என்று 4 வரியில் இருந்ததை ரிவ்யூவில் இப்படி ஒரே வரி லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனாக மாற்றச் சொல்கிறார்கள்:

விலைகள் = [இன்ட்(வ) ஃபார் வ இன் வரிகள் இஃப் வ.இஸ்டிஜிட்()]

(கீவேர்டையும் தமிழிலேயே தட்டிவிட்டேன், ஓட்டிப் பார்ப்பவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.) வேகம் தவிர இதில் என்ன லாபம்?

ஒற்றைவரி:
படிக்கிறவனுக்கு லாபம். லூப்னா கடைசி வரி வரைக்கும் படிச்சாத்தான் அது என்ன பண்ணுதுன்னு தெரியும். நடுவுல பிரேக் இருக்கலாம், வேற வேரியபிளை மாத்தியிருக்கலாம். சதுர அடைப்பு திறந்தா ஒரு புது லிஸ்ட் வரப்போகுது, அவ்வளவுதான். வேகமும் சும்மா இல்லை. லூப்புல ஒவ்வொரு சுத்துக்கும் அப்பெண்ட் மெத்தடைத் தேடிக் கூப்பிடணும். காம்ப்ரிஹென்ஷன்ல அதுக்குன்னே ஒரு பைட்கோடு (இன்டர்ப்ரிட்டர் ஓட்டுற உள்கட்டளை) இருக்கு, நேரா லிஸ்ட்ல தள்ளிடும். 2000-ல வந்த 2.0-லேருந்து இருக்கிற வசதி, இன்னும் என்ன தயக்கம்?

உள்தள்ளல்:
பாராட்டும் முன் ஓட்டிப் பாருங்கள். "வரிகள்" என்பது ஓப்பன் செய்த கோப்பே என்றால் ஒவ்வொரு வரியின் வாலிலும் நியூலைன் ஒட்டியிருக்கும். எல்லா எழுத்தும் இலக்கமா என்று சோதிக்கும் இஸ்டிஜிட் அதையும் ஓர் எழுத்தாகவே பார்க்கும், ஃபால்ஸ் தரும். கோப்பில் ஆயிரம் விலை இருந்தாலும் கையில் வருவது காலி லிஸ்ட். கடைசி வரியில் நியூலைன் இல்லாவிட்டால் அது ஒன்று மட்டும் தேறும். எரரே வராது.

சரி, நியூலைனை நீக்கி வரிகளாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்லைன்ஸ் போட்டாயிற்று என்று வைப்போம். இந்த 7 வரியைக் கொடுங்கள்: "32", " 45" (முன்னால் ஒரு ஸ்பேஸ்), "", "1,200", "38.5", "௪௫", "²". காலி வரி போனது சரி. கூடவே " 45", "1,200", "38.5" மூன்றும் சத்தமில்லாமல் போய்விடும். கடைசியில் இருக்கும் அடுக்குக்குறி 2-ஐ இஸ்டிஜிட் உள்ளே விடும், இன்ட் அதில் வேல்யூ எரர் அடிக்கும், விலைகள் என்ற பெயருக்கு எதுவுமே வந்து சேராது. ஸ்பேஸோடு வரும் 45-ஐ இன்ட் தாராளமாக ஏற்றுக்கொண்டிருக்கும் என்பதுதான் வேடிக்கை.

பிட்டுக்குமண்:
இடையில் ஒன்று. "௪௫" பிழையே இல்லாமல் 45 ஆகும். தமிழ் இலக்கங்கள் யூனிகோடில் தசம இலக்கங்களாகப் பதிவானவை, இன்ட் அவற்றை அப்படியே படிக்கும். ஆனால் பத்தைக் குறிக்கும் "௰" போட்டால் விழும். அது எண், இலக்கமில்லை. இன்ட் ஏற்கும் இலக்கங்களை மட்டும் விட வேண்டுமானால் இஸ்டெசிமல்தான் சரியான மெத்தட்.

ஒற்றைவரி:
உள்தள்ளல் சார், தப்பு இஸ்டிஜிட்ல இருக்கு, பழி காம்ப்ரிஹென்ஷனுக்கா? லூப்புல அதே இஃப் போட்டாலும் அதே மூணு விலை காணாமப் போகும்.

உள்தள்ளல்:
போகும். ஆனால் லூப்பில் எல்ஸ் போட்டு, எந்த வரி எண்ணில் என்ன வந்தது என்று இன்னொரு லிஸ்டில் எழுதிவைக்க இடம் இருக்கிறது. காம்ப்ரிஹென்ஷனில் பின்னால் வரும் வடிகட்டி இஃபுக்கு எல்ஸ் கிடையாது. ஃபாருக்கு முன்னால் வரும் இஃப்-எல்ஸ் வேறு சமாச்சாரம். அது ஒவ்வொரு வரிக்கும் ஏதாவது ஒரு மதிப்பைத் தந்தே தீர வேண்டும். ட்ரை-எக்செப்ட் உள்ளே நுழையவே நுழையாது. வெளியிலிருந்து வரும் தரவைப் படிக்கும் இடத்தில் எனக்கு லூப்தான். நல்லதுக்கு ஒன்று, கெட்டதுக்கு ஒன்று என்று 2 காம்ப்ரிஹென்ஷன் எழுதுகிறேன் என்று கிளம்பாதீர்கள். மூலம் கோப்பாகவோ ஜெனரேட்டராகவோ (கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தருவது) இருந்தால் முதல் சுற்றிலேயே தீர்ந்துவிடும், இரண்டாவது லிஸ்ட் எப்போதும் காலி. "பிழையே இல்லை" என்று ரிப்போர்ட் போகும்.

ஒற்றைவரி:
ட்ரை உள்ள போகாதுன்னா ஃபங்ஷனுக்குள்ள வைங்க. விலையாக்கு(வ)ன்னு ஒண்ணு: ஓரத்து ஸ்பேஸை ஸ்ட்ரிப் பண்ணு, காற்புள்ளியை எடு, டெசிமல் (தசம எண்ணைத் துல்லியமா வைக்கிற வகை) ஆக்கு, முடியலன்னா நன் (None, அதாவது மதிப்பு இல்லை) திருப்பு. அதைத் தனியா டெஸ்ட் பண்ணலாம், உங்க 7 வரியையும் அங்கேயே கொடுக்கலாம். லூப்போட வயித்துக்குள்ள இருக்கிற ட்ரையை எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?

உள்தள்ளல்:
அது நியாயம். ஒன்று மட்டும்: டெசிமல் கெட்ட எழுத்தைப் பார்த்தால் வேல்யூ எரர் தராது. இன்வாலிட்-ஆபரேஷன் தரும், அது அரித்மெடிக் எரரின் பிள்ளை. வேல்யூ எரரை மட்டும் பிடித்தால் காலி வரியிலேயே புரோகிராம் நின்றுவிடும்.

பிட்டுக்குமண்:
வேகம் பற்றிப் பேசியதால் சொல்கிறேன். 3.11-இல் வந்த புதிய இன்டர்ப்ரிட்டர் அப்பெண்ட் அழைப்புக்கே தனி குறுக்குவழி வைத்திருக்கிறது. இன்னொரு பக்கம், பைத்தான் 3-இல் 3.12 வரும்வரை ஒவ்வொரு காம்ப்ரிஹென்ஷனும் மறைவாக ஒரு ஃபங்ஷனை உருவாக்கிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, 3.12-இல்தான் அது நின்றது. ஆக, பதிப்பைச் சொல்லாமல் "இது வேகம்" என்றால் அர்த்தமில்லை. நிஜமான நஷ்டம் வேறு இடத்தில்:

[அ ஃபார் அ இன் பழையவை இஃப் அ இன் செட்(புதியவை)]

அழகாக இருக்கிறது. ஆனால் அந்த செட் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகக் கட்டப்படும். இரண்டிலும் 10,000 இருந்தால் 10 கோடி முறை செட்டில் போடும் வேலை. செட்டை மேல் வரியில் ஒரு பெயருக்குக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

அதேபோல, ஏதாவது ஓர் உறுப்பு உண்மையா என்று பார்க்கும் எனிக்குள் (any) சதுர அடைப்பு போடாதீர்கள். முதல் உறுப்பிலேயே விடை கிடைத்தாலும் லிஸ்ட் முழுக்கக் கட்டிய பிறகுதான் எனி பார்க்கும். அடைப்பை எடுத்தால் ஜெனரேட்டர், முதலிலேயே நிற்கும். 10 லட்சம் உறுப்புள்ள லிஸ்டுக்குச் சுட்டிகள் மட்டுமே 8 எம்பி. எழுத்துச் சரங்களை ஒட்டும் ஜாயின் மட்டும் விலக்கு: எப்படிக் கொடுத்தாலும் அது முதலில் லிஸ்ட் ஆக்கிக்கொள்ளும், அங்கே சதுர அடைப்பே சற்று வேகம்.

ஒற்றைவரி:
ரெண்டு ஃபார், ரெண்டு இஃப்னு அடுக்குறதுக்கு நானும் வக்காலத்து வாங்கல. கூகுளோட பைத்தான் ஸ்டைல் கைடே பல ஃபார் வேண்டாம்னுதான் சொல்லுது. பிரிண்ட் பண்றதுக்கு காம்ப்ரிஹென்ஷன் எழுதி நன் நன்னா ஒரு லிஸ்ட் கட்டுறவங்களையும் எனக்குத் தாங்காது. ஆனா ஒரு ஃபார், ஒரு இஃப் இருக்கிற இடத்துல 4 வரி லூப் பார்த்தா கை துறுதுறுங்குது.

உள்தள்ளல்:
துறுதுறுக்கட்டும். கெட்ட வரியை எண்ண வேண்டிய இடத்தில் மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்விக்கணை:
கெட்ட வரியை விலையாக்கு உள்ளேயே லாக் செய்கிறேன். இப்போது வரி இப்படி. சரியா?

விலைகள் = [வி ஃபார் வ இன் வரிகள் இஃப் (வி := விலையாக்கு(வ))]

உள்தள்ளல்:
வால்ரஸ் (அந்த := குறி) 3.8-இலிருந்துதான், சர்வரில் என்ன பதிப்பு என்று பாருங்கள். முடிவில் "இஸ் நாட் நன்" சேர்க்கவும். இப்போது இருப்பதில் 0-வும் பொய்யாகக் கருதப்பட்டு வடிகட்டப்படும். கறிவேப்பிலை 0 ரூபாய் என்று எழுதியிருந்தால் அதுவும் ஒரு விலைதான்.