‘ஹையராட்டிக் ஸ்கேல்’ என்பதற்கு ‘வரிசையளவு’ – ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஓவியத்தில் உருவங்களின் பருமனைத் தொலைவு தீர்மானிக்காமல் அவரவர் தகுதி தீர்மானிக்கும் முறையே ‘ஹையராட்டிக் ஸ்கேல்’ (hieratic scale). அதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக இக்குழுவில் முன்மொழியப்பட்ட ‘புனித அளவு’, ‘படிநிலை அளவீடு’ ஆகிய இரண்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை. முதலாவது, ‘ஹையராட்டிக்’கின் ‘புனிதமான’ என்று பொருள்படும் கிரேக்க வேர்ச்சொல்லை மட்டும் பெயர்க்கிறது; ஆனால் பேருருவாக வரையப்படுபவர் புனிதர்தாம் என்பதில்லை. பிரித்தானிய அருங்காட்சியகத்திலுள்ள, கி.மு. 1350 அளவில் வரையப்பட்ட எகிப்தியக் கல்லறை ஓவியத்தில் பறவை வேட்டையாடும் நெபாமூன் தெய்வமுமல்லன், அரசனுமல்லன். தானியக் கணக்கெழுதிய அதிகாரி. ஆயினும் அவன் பேருருவாக நிற்க, மனைவி அவனிற் சிறுத்தும், மகள் அவன் கால்களுக்கிடையே பொம்மைபோலவும் காணப்படுகின்றனர். இரண்டாவதிலுள்ள ‘அளவீடு’ அளக்கும் செயலைக் குறிப்பது. இங்கு எவரும் எதையும் அளக்கவில்லை.

ஆகவே ‘வரிசையளவு’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. வரிசை என்றால் மாணவர்கள் கியூவைத்தான் நினைப்பார்கள் என்று அன்பர் ஒருவர் தடை எழுப்பியிருந்தார். மட்டக்களப்பில் அத்தடை அவ்வளவாக நிற்காது. கொக்கட்டிச்சோலை, மண்டூர் முதலிய கோயில்களில் எந்தக் குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) எந்த வரிசையிற் சிறப்புச் செய்வது என்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, வரிசை என்பது முன்பின் மட்டுமன்று, மேல்கீழுமாகும் என்று நான் விளக்கவேண்டியதில்லை. புறநானூற்றின் 121ஆம் பாட்டில் “வரிசை அறிதலோ அரிதே” என்று கபிலர் சொல்வதும் இத்தகுதிப் பொருளிலேதான்.

இதற்கு எதிர்ச்சொல்லாக, தொலைவுக்கேற்ப உருவம் சிறுப்பதைக் குறிக்கத் ‘தொலைவளவு’ எளிதாக அமைவது இன்னொரு நன்மை. ஏறத்தாழ 1618இல் அபுல் ஹசன் வரைந்த முகலாய ஓவியத்தில் பேரரசர் ஜஹாங்கீரும் பாரசீகத்து ஷா அப்பாஸும் தழுவி நிற்கிறார்கள். இருவருக்குமிடையே தொலைவே இல்லாதபோதும் ஷா ஒடுங்கிச் சிறுத்திருக்கிறார். பேரரசர் சிங்கத்தின் மீதும் ஷா ஆட்டின் மீதும் நிற்பது வரிசையளவுக்குத் துணைசெய்யும் குறியீடேயன்றி வரிசையளவு ஆகாது. இவ்வேறுபாட்டை வரையறையிற் சேர்க்கவேண்டும்.

வாக்கியத்தில் இட்டுப் பார்த்தேன்: “நெபாமூனின் மகள் வரிசையளவிற் சிறியவள், தொலைவளவில் அல்லள்.” உயர்தரச் சித்திர வகுப்பில் இவ்வாக்கியம் இடறுமாயின் எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.