அப்பாவின் ஹோண்டா சிபி400எஃப்: எங்கே விளம்பரம் போடலாம்?

யீஷுன்_மகன்:
சிங்கப்பூரில் இருக்கிறோம், அப்பாவிடம் 1976 ஹோண்டா சிபி400எஃப் மோட்டார்சைக்கிள் இருக்கிறது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவரால் ஓட்ட முடியவில்லை, என்னிடம் இருப்பதோ 200 சிசி வரை மட்டும் ஓட்டக்கூடிய 2பி லைசென்ஸ்தான். கார் நிறுத்துமிடத்தில் உறை போட்டு வைத்திருக்கிறோம். ஞாயிறு காலையில் அப்பா மெதுவாக இறங்கி வந்து, எஞ்சினை மட்டும் ஓடவிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றுவிட்டு மேலே போவார். சிஓஇ (வண்டியைச் சாலையில் வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழ்) இன்னும் முடியவில்லை. யாரிடமாவது தள்ளிவிட்டால் போதும் என்று விற்க மனமில்லை, வாங்குபவர் இதை அறுத்து உருமாற்றாமல் இப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். எங்கே போட்டால் அப்படிப்பட்டவர் கண்ணில் படும்?

தெம்பனிஸ்_ரைடர்:
எங்கே போட்டாலும் முதல் வரியிலேயே "408 சிசி, கிளாஸ் 2 லைசென்ஸ் வேண்டும்" என்று எழுதிவிடுங்கள். பெயரில் 400 இருப்பதால் 2ஏ வைத்திருப்பவர்கள் ஆசையாகக் கேட்பார்கள், ஆனால் 2ஏ 400 சிசி வரைக்கும்தான். என் பழைய ஸ்கூட்டரை ஓர் இலவசச் செயலியில் போட்டேன், இரண்டு நாளில் முப்பது பேர் "கடைசி விலை என்ன" என்று கேட்டார்கள், நேரில் வந்து பார்த்தவர் ஒரே ஒருவர். எஸ்ஜி பைக்மார்ட் மாதிரி மோட்டார்சைக்கிளுக்கென்றே உள்ள தளத்தில் போடுங்கள்.

காக்கிபுக்கிட்_மணி:
தம்பி, விளம்பரம் போடுவதற்கு முன்னால் அப்பாவுடைய மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பழைய வண்டியைத் தேடுகிறவன் முதலில் அங்கேதான் விசாரிப்பான். என் வண்டி அப்படித்தான் போனது, விளம்பரமே போடவில்லை. அப்புறம் ஃபேஸ்புக்கில் பழைய ஜப்பானிய வண்டிக் குழுக்களில் போடுங்கள். படத்தில் அந்த நான்கு எக்ஸாஸ்ட் குழாயும் வளைந்து வந்து வலப்பக்கம் ஒன்றாகச் சேருகிற இடம் தெளிவாகத் தெரியட்டும், தெரிந்தவன் அதைத்தான் முதலில் பார்ப்பான். ஃபிரேம் எண்ணும் எஞ்சின் எண்ணும் நேரில் காட்டினால் போதும். துரு இருந்தால் மறைக்காதீர்கள், கிட்டே போய் எடுத்துப் போடுங்கள். இரவெல்லாம் ஆறிக் கிடந்த எஞ்சின் காலையில் ஸ்டார்ட் ஆகிற வீடியோ ஒன்று கட்டாயம் வேண்டும்.

நூர்_2ஏ:
இன்னொன்று. 35 வருடம் தாண்டிய வண்டி என்பதால் பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்துக்கு மாற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். அதில் வருடத்துக்கு 45 நாள்தான் ஓட்டலாம். தினமும் ஓட்ட நினைப்பவருக்கு அது ஒத்துவராது, அவருக்கு உங்கள் வண்டியில் மீதமிருக்கும் சிஓஇதான் முக்கியம். அதனால் சிஓஇ காலாவதித் தேதியை விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள். ஒன்மோட்டரிங் என்ற அரசு வாகனத் தளத்தில் சிங்பாஸ் (அரசின் இணைய அடையாளக் கணக்கு) வழியாக உரிமை மாற்றம் முடிகிற வரை சாவியைக் கொடுக்காதீர்கள், அதுவரை வருகிற அபராதமெல்லாம் அப்பா பெயருக்குத்தான் வரும்.

யீஷுன்_மகன்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. மணி அண்ணன் சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன், உடனே மெக்கானிக்கின் எண்ணைத் தேட ஆரம்பித்துவிட்டார். இந்த ஞாயிறு வீடியோ எடுக்கிறோம். வாங்க வருபவர் ஸ்டார்ட் செய்வதைத் தான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்கிறார், அதையும் விளம்பரத்தில் எழுதிவிடப் போகிறேன்.