எங்கள் குடும்பம் (கனடா): கண்ணனின் துவக்கில் கோது வெளியே விழவில்லை

*சனி*

கண்ணன்: மாமா, நேரம் இருக்கிறதா? அண்மையில் வாங்கிய பழைய ரெமிங்டன் 700 வேட்டைத் துவக்கை இன்று ரேஞ்சுக்குக் கொண்டு போனேன். குறி நன்றாகத்தான் விழுகிறது. ஆனால் சுட்ட பிறகு போல்ட்டை (கைப்பிடி உள்ள இரும்புத் தண்டை) பின்னால் இழுத்தால் ரவையின் வெற்றுக் கோது வெளியே பாயவில்லை. போல்ட் முகத்திலேயே தொங்கிக்கொண்டு நிற்கிறது, இல்லாவிட்டால் மகசீனுக்கு மேல் விழுந்து அடுத்த ரவையை மறிக்கிறது.

கண்ணன்: நவம்பர் மான் சீசன் கிட்ட வந்துவிட்டது. அதுதான் யோசனை.

அத்தான்: எக்ஸ்ட்ராக்டர் தேய்ந்திருக்கும் மச்சான். பழைய துவக்கு என்றால் அதுதான் முதலில் போகும். ஒன்லைனில் புதியதை ஓடர் பண்ணு.

சட்பரி மாமா: இப்போதைக்கு ஒன்றும் ஓடர் பண்ண வேண்டாம். கண்ணன், முதலில் ரவை எல்லாவற்றையும் வேறு இடத்தில் வைத்துப் பூட்டு. சேம்பரையும் (ரவை உட்கார்ந்து வெடிக்கும் அறை) மகசீனையும் கண்ணால் பார், சின்ன விரலாலும் தொட்டுப் பார். பிறகு எழுது.

கண்ணன்: பார்த்துவிட்டேன். இரண்டும் வெறுமை. ரவைப் பெட்டிகள் கீழே பேஸ்மென்டில் பூட்டியிருக்கின்றன.

சட்பரி மாமா: சரி. போல்ட்டை இழுக்கும்போது கோது அதோடு சேர்ந்து பின்னால் வருகிறதா, இல்லை சேம்பருக்குள்ளேயே நின்றுவிடுகிறதா?

கண்ணன்: சேர்ந்து வருகிறது. கடைசியில்தான் விழ மறுக்கிறது.

சட்பரி மாமா: அப்படியென்றால் எக்ஸ்ட்ராக்டர் தன் முதல் வேலையைச் செய்கிறது. இது இரண்டு பேர் செய்யும் வேலை. எக்ஸ்ட்ராக்டர் கோதின் விளிம்பைக் கவ்விச் சேம்பருக்குள் இருந்து இழுத்து வர வேண்டும். எஜெக்டர் அதைப் பக்கவாட்டில் தட்டி வெளியே எறிய வேண்டும். எவர் வேலையை நிறுத்தினார் என்று தெரியாமல் பாகம் வாங்கினால் காசுதான் போகும். அதுவும் 700இன் எக்ஸ்ட்ராக்டர் போல்ட் முகத்து வளையத்துக்குள் உட்காரும் மெல்லிய தகடு. பல துவக்குகளில் அதை ரிவெட் அடித்திருப்பார்கள். வீட்டில் வைத்துக் கழற்றிப் பூட்டும் சாமான் இல்லை.

அத்தான்: ஓ, சரி மாமா. இரண்டும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.

சட்பரி மாமா: கண்ணன், மெதுவாக இழுத்தபோதும் வேகமாக இழுத்தபோதும் ஒரே மாதிரியா?

கண்ணன்: ஒரே மாதிரிதான். எவ்வளவு வேகமாக இழுத்தாலும் பாயவில்லை.

சட்பரி மாமா: ஏன் கேட்டேன் என்றால், 1898 மவுசரிலும் அதன் வழியில் வந்த துவக்குகளிலும் எஜெக்டர் என்பது போல்ட்டில் இல்லை, பின்பக்கம் இடப்புறத்தில் நிலையாக நிற்கும் ஒரு தகடு. போல்ட் கடைசிவரை பின்னால் வந்து கோது அதில் மோதினால்தான் தெறிக்கும். அதில் கை வேகம்தான் எல்லாம். மெதுவாக இழுத்தால் காலடியில் விழும், ஓங்கி இழுத்தால் தூரப் போகும். பாதியில் நிறுத்தினால் விழவே விழாது. 1962இல் வந்த 700 வேறு வகை. போல்ட் முகத்தில் ஒரு சின்னத் துளை, அதற்குள் ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் ஒரு குட்டி ஊசி. கோதின் வாய் சேம்பரைத் தாண்டியதும் அந்த ஊசி தானாகவே தள்ளிவிடும். உன் கை வேகம் அங்கே பெரிதாக உதவாது, ஸ்பிரிங்கின் பலம்தான் உதவும்.

சட்பரி மாமா: ஸ்கோப்பின் பக்கத்துக் குமிழில் பித்தளைக் கோடு ஏதாவது இருக்கிறதா? ஸ்கோப் தாழ்வாகப் பூட்டியிருந்தால் கோது அதில் பட்டு உள்ளே திரும்பி விழும்.

கண்ணன்: [படம்] ஒன்றும் இல்லை.

சட்பரி மாமா: போல்ட்டைக் கழற்று. விசைக்கு முன்னால் உள்ள சின்னத் தடையை அமுக்கினால் கையோடு வரும். பிறகு ஒரு மரக்குச்சியால் அந்த ஊசியை அமுக்கிப் பார். முழுதாக உள்ளே போய், விட்டவுடன் டக்கென்று திரும்ப வேண்டும்.

கண்ணன்: பாதிதான் போகிறது மாமா. விட்டால் மெல்ல மெல்லத்தான் வெளியே வருகிறது.

சட்பரி மாமா: கள்வன் அகப்பட்டான். இன்னொன்றும் பார்த்துவிடு. சுட்ட கோது ஒன்றை எக்ஸ்ட்ராக்டரின் உதட்டுக்குக் கீழே செருகிப் பிடி. நழுவாமல் சாய்ந்து நிற்கிறதா?

கண்ணன்: நிற்கிறது. நல்ல இறுக்கம்.

சட்பரி மாமா: அப்படியானால் எக்ஸ்ட்ராக்டரை ஒருவரும் தொட வேண்டாம். ஊசித் துளைக்குள் கிளீனரை விட்டு அமுக்கி அமுக்கி எடு. கண்ணாடி போட்டுக்கொள், துளையை முகத்துக்கு நேரே பிடிக்காதே. என்ன வெளியே வருகிறது என்று ஒரு வெள்ளைத் துணியில் வாங்கிப் பார்.

அத்தான்: மாமா, என்னோடு வேலை செய்யும் ஒருவரிடம் அவருடைய தகப்பனாரின் லீ என்பீல்ட் இருக்கிறது. அதிலும் இதே குறைதான் என்கிறார். அதற்கும் இப்படியா?

சட்பரி மாமா: இல்லை, அது வேறு கதை. லீ என்பீல்ட் நம்பர் 4இல் இந்த ஊசி கிடையாது. இடப்பக்கச் சுவரில் ஒரு குட்டித் திருகாணி இருக்கும், அதுதான் எஜெக்டர் என்பார்கள். ஆனால் கோதைச் சுவரோடு நெருக்கித் தெறிக்கவிடுவது வலப்பக்கத்து எக்ஸ்ட்ராக்டரின் இழுப்பு. அதற்குக் கீழே உள்ள பட்டை ஸ்பிரிங் தளர்ந்தால் கோது சரிந்து உள்ளேயே விழும். நண்பரிடம் சொல், எக்ஸ்ட்ராக்டருக்குக் கீழே துப்புரவாக்கி அந்த ஸ்பிரிங்கை மாற்றிப் பார்க்கட்டும். போல்ட்டின் தலையை மட்டும் வேறு துவக்கிலிருந்து எடுத்துப் போட வேண்டாம். 0, 1, 2, 3 என்று அதில் அளவு எண் இருக்கும், மாறினால் ஹெட்ஸ்பேஸ், அதாவது சேம்பரில் ரவைக்கும் போல்ட் முகத்துக்கும் இடையே உள்ள அளவு, மாறிவிடும். அது உயிர் விசயம்.

சட்பரி மாமா: லோங் பிராஞ்ச் என்று முத்திரை இருந்தால் அது எங்கள் ஒன்ராறியோவில் செய்தது. 1941 முதல் மிசிசாகா ஏரிக்கரையில் செய்தார்கள், 9 லட்சத்துக்கும் மேல். போர்க்காலத்தில் அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பகுதி பெண்கள்.

சித்தி: லேக்‌ஷோர் வீதியில், பழைய தண்ணீர்த் தாங்கி நிற்கும் இடமா? அந்தக் கட்டடத்தில் இப்போது ஓவியக் கண்காட்சி எல்லாம் வைக்கிறார்கள். நாங்கள் போயிருக்கிறோம்.

சட்பரி மாமா: அதேதான். துவக்குகளைப் பரிசோதித்த கட்டடம் அது. இடிக்காமல் வைத்திருப்பது நல்ல காரியம்.

*ஞாயிறு*

கண்ணன்: [படம்] மாமா, துணியைப் பாருங்கள். கறுப்புக் கிறீஸ் பசை மாதிரி வந்தது. அதோடு மினுமினுவென்று ஏதோ பொடி.

கண்ணன்: ஊசி இப்போது முக்கால்வாசி போகிறது. ஆனால் இன்னும் கரகரக்கிறது. குறுக்கு ஆணியைத் தட்டி எடுக்கவா? சின்ன பன்ச் என்னிடம் இருக்கிறது.

சட்பரி மாமா: எடுக்கலாம், அவசரப்படாமல். போல்ட்டை வைஸில் மரத்துண்டு வைத்துப் பிடி. ஊசியை அமுக்கி வைத்துக்கொண்டே ஆணியைத் தட்டு. ஆணி வந்தவுடன் ஸ்பிரிங் துப்பும், அதனால் முழுவதையும் ஒரு தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் வைத்துச் செய். கண்ணாடியைக் கழற்றாதே. திருப்பிப் போடும்போது ஊசியின் பக்கத்தில் உள்ள வெட்டு ஆணியின் பக்கம் பார்க்க வேண்டும். பழைய ஸ்பிரிங்கை இழுத்து நீட்டி உயிர் கொடுக்கப் பார்க்காதே, புதியது சில டொலர்தான். ஊசியின் ஓரத்தில் பிசிறு இருந்தால் எண்ணெய்க் கல்லில் மெதுவாகத் தடவு, நீளத்தைக் குறைக்காதே.

சட்பரி மாமா: கிறீஸ் மட்டும் திரும்பப் போட வேண்டாம். எங்கள் பக்கக் குளிரில் அது மெழுகாக இறுகிவிடும். மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு, அதையும் துடைத்துவிடு.

அக்கா: கண்ணன், பிள்ளைகள் இல்லாத நேரத்தில் செய்.

கண்ணன்: ஓம் அக்கா. அவர்கள் நீச்சலுக்குப் போய்விட்டார்கள்.

கண்ணன்: முடிந்தது மாமா! துளையின் அடியில் பித்தளைச் சீவல் அடைந்து கிடந்தது. டம்மி ரவை போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் மேசையைத் தாண்டிப் பாய்கிறது.

அத்தான்: அருமை மச்சான்!

சட்பரி மாமா: நல்லது. ஆனால் அந்தச் சீவல் எப்படி அங்கே போனது? நேற்றுச் சுட்ட கோதுகளின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடு. கிட்டவாக.

கண்ணன்: [படம்] [படம்]

சட்பரி மாமா: எழுத்து முத்திரைக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு சின்ன வட்டம் தெரிகிறதே. அது ஊசித் துளையின் அச்சு. இது கடையில் வாங்கிய ரவையா?

கண்ணன்: இல்லை. துவக்கை விற்றவர் தானே நிரப்பிய ரவை என்று இரண்டு பெட்டி சேர்த்துத் தந்தார். அதைத்தான் சுட்டேன்.

சட்பரி மாமா: சுட்ட பிறகு போல்ட் கைப்பிடியைத் தூக்கக் கடினமாக இருந்ததா?

கண்ணன்: சிலதுக்கு இருந்தது. புதுக் கை என்பதால் என்று நினைத்தேன்.

சட்பரி மாமா: கண்ணன், அந்த ரவையில் ஒன்றைக்கூட இனிச் சுடாதே. வெடிமருந்து அளவுக்கு மேல் போயிருக்கிறது. அழுத்தம் கூடும்போது பித்தளை பிதுங்கி ஊசித் துளைக்குள் போகும், போல்ட்டைத் திருப்பும்போது அது சீவுப்பட்டு உள்ளேயே தங்கும். உன் எஜெக்டர் இறுகியதற்குக் காரணம் அதுதான். ஊசியைத் துப்புரவாக்கியதோடு விட்டிருந்தால் அதே ரவையைத் திரும்பவும் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுட்டிருப்பாய்.

அக்கா: ஐயோ. கண்ணன், இப்போதே அவற்றை அப்புறப்படுத்து.

சட்பரி மாமா: குப்பையில் போடக் கூடாது பிள்ளை. உள்ளூர் பொலிஸுக்கு முதலில் போன் எடுத்து, பழைய ரவை இருக்கிறது, எப்படி ஒப்படைப்பது என்று கேட்கட்டும். சொல்லாமல் கொள்ளாமல் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. அதுவரை பெட்டியில் "சுடக் கூடாது" என்று பெரிதாக எழுதிப் பூட்டி வை.

கண்ணன்: எழுதி ஒட்டிவிட்டேன் மாமா. நாளைக் காலையில் போன் எடுக்கிறேன். கடை ரவை வாங்கிச் சுட்டுப் பார்க்கலாமா?

சட்பரி மாமா: அதற்கு முன் துவக்குத் திருத்துபவர் ஒருவரிடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸையும் போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் காதுகளையும் பார்க்கச் சொல். எத்தனை இப்படிச் சுடப்பட்டன என்று எங்களுக்குத் தெரியாது. சீசனுக்குள் திரும்பக் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, என்னிடம் இரண்டு துவக்கு இருக்கிறது. லைசென்ஸும் ஒரேஞ்ச் உடுப்பும் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை இங்கே வா. மாமி உனக்கும் சேர்த்துச் சமைப்பாள்.

கண்ணன்: வருகிறேன் மாமா. நாளைக்கே திருத்துபவரிடம் கொடுத்துவிடுகிறேன்.