மகளுக்கு முன்பல் முளைக்கத் தாமதம்: அனுபவம் உள்ளவர்கள் உதவ வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு வயது 9. மேல் முன்பற்கள் இரண்டும் ஏழரை வயதில் அடுத்தடுத்து விழுந்தன; வலப்பக்கம் நிரந்தரப் பல் ஓரிரு மாதங்களில் வந்துவிட்டது, இடப்பக்கம் ஓர் ஆண்டுக்கு மேலாகியும் ஈறு வெறுமையாகவே இருக்கிறது. விரலால் தடவினால் அந்த இடம் தடித்து, உறுதியாகத் தெரிகிறது. வலப்பல் மெல்ல இடைவெளிப் பக்கம் சாயத் தொடங்கியிருப்பதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது.

மேல் நடு முன்பற்கள் பொதுவாக 7 முதல் 8 வயதுக்குள் முளைக்கும் என்றும், ஒரு பக்கம் வந்து 6 மாதங்களுக்கு மேலாகியும் மறுபக்கம் வராவிட்டால் காத்திருக்காமல் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் மருத்துவர் விளக்கினார். அவ்வாறு எடுத்ததில், எலும்புக்குள் கூம்பு வடிவில் ஒரு கூடுதல் பல் இருந்து, நிரந்தரப் பல்லின் வழியை மறிப்பது தெரிந்தது. மூன்று வயதில் அவள் விழுந்து பால்பல்லில் அடிபட்டதுதான் காரணமோ என்று இத்தனை நாள் என்னையே நொந்துகொண்டிருந்தேன்.

கூடுதல் பல்லை அகற்றியபின் நிரந்தரப் பல் தானாக இறங்கும் வரை காத்திருப்பதா, அதே அறுவையிலேயே சிறு சங்கிலி பொருத்தி இழுப்பதா என்று முடிவெடுக்க வேண்டியுள்ளது. இதைக் கடந்துவந்த பெற்றோரும், குழந்தைப் பல் மருத்துவர்களும், பல் இறங்க எவ்வளவு காலமானது, மயக்கமருந்துக்குக் குழந்தையை எப்படித் தயார்செய்தீர்கள் என்பதைத் தயவுசெய்து பகிருங்கள்.