புதுப்பிப்பு: மன்னர்களின் பள்ளத்தாக்கில் எந்தக் கல்லறைக்குத் தனி டிக்கெட் எடுக்கலாம்?

எகிப்தின் லக்சரில், பழைய மன்னர்களைப் புதைத்த இந்தப் பள்ளத்தாக்குக்குப் பொது டிக்கெட் போதுமா, தூத்தன்காமன், முதலாம் சேத்தி ஆகிய மன்னர்களின் கல்லறைகளுக்குத் தனியாகக் காசு கொடுக்கலாமா என்று கிளம்பும் முன் கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு, பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

பொது டிக்கெட்டில் மூன்று கல்லறைகள்தான். சேத்திக்கு விலை அதிகம், ஆனாலும் யோசிக்காதீர்கள். 1817-ல் இத்தாலியரான பெல்சோனி கண்டுபிடித்த இது 130 மீட்டருக்கு மேல் மலைக்குள் இறங்கிக்கொண்டே போகிறது, சுவர்களில் இருப்பது வெறும் ஓவியமில்லை, சுண்ணாம்புக்கல்லில் மெல்லிய புடைப்பாகச் செதுக்கி அப்புறம் வண்ணம் பூசியது, கிட்டே நின்றால் ஆடையின் மடிப்புகூடத் தெரிகிறது. ஓர் அறையில் செதுக்கும் வேலை தொடங்கவே இல்லை. சிவப்பில் போட்ட வரைவும் அதன்மேல் கறுப்பில் திருத்திய கோடுகளும் அப்படியே இருக்கின்றன. எனக்கு அதுதான் உச்சம்.

தூத்தன்காமன் கல்லறை ரொம்பச் சின்னது. புதையலெல்லாம் கெய்ரோ பக்கம் போய்விட்டது, உடல் இங்கே கண்ணாடிப் பெட்டியில். பெயருக்காகப் போகலாம், அவ்வளவுதான். அதைவிட ஐந்தாம், ஆறாம் ராமேசஸ் கல்லறை மேல்: அடக்க அறையின் கூரை முழுக்க வானத் தேவதை நூத், சுவரில் பழைய கிரேக்கப் பயணிகள் கிறுக்கிய பெயர்கள் (இந்த வியாதி அப்போதே இருந்திருக்கிறது!).

லக்சரிலேயே இருக்கும் மூன்றாம் ராமேசஸின் மெதினெத் ஹாபு கோயிலையும் விட்டுவிடாதீர்கள். போரில் எதிரிகளிடமிருந்து வெட்டியெடுத்த கைகளைக் குவித்து எழுத்தர்கள் கணக்கெடுக்கும் சிற்பம் அங்கே இருக்கிறது, பார்க்கவே ஒரு மாதிரி.

சரி, கடைசியாக, சில்லறை நோட்டு வைத்திருங்கள். நாம் கேட்காமலே காவலாளிகள் டார்ச் அடித்துக் காட்டிவிட்டு, அங்கே இனாமாகக் கொடுக்கும் பக்‌ஷீஷுக்குக் கை நீட்டுவார்கள்.